முட்டை சுமக்கும் இரவுகள்

ஜனவரி கடைசியில் ஒரு சனிக்கிழமை இரவு, பதினொன்றரை மணிக்குமேல், நீலாங்கரைக் கடற்கரையிலிருந்து இருபது பேர் வடக்கே நடக்கத் தொடங்கினோம். பாதிப் பேர் கல்லூரி மாணவர்கள். மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் ஒரு கணவன் மனைவி, அவர்களுடைய பத்து வயது மகள், வங்கியிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர், பிறகு என்னைப் போல் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்த இரண்டு மூன்று பேர். முன்னால் நடந்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயதுக்குமேல் இருக்காது. டார்ச் அடிக்கக் கூடாது, கைப்பேசியை எடுக்கக் கூடாது, சத்தமாகப் பேசக் கூடாது, அலை நனைத்த ஈர மணலை ஒட்டியே நடக்க வேண்டும் என்று சொன்னாள். அதற்குமேல் ஒரு வார்த்தை உபதேசம் இல்லை. பெசன்ட் நகர் வரை ஏறக்குறைய 7 கிலோமீட்டர். போய்ச் சேர விடியற்காலை ஆகிவிடும் என்றாள். செருப்பைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு அவள் பின்னால் போனோம்.

பங்குனி ஆமை என்று மீனவர்கள் சொல்லும் கடலாமைக்காகத்தான் இந்த நடை. பங்குனியில் அதிகம் கரையேறுவதால் அந்தப் பெயர் என்பார்கள். ஆனால் தை மாதத்திலேயே வரத் தொடங்கிவிடும். சென்னையில் இந்த நடைக்கு அரை நூற்றாண்டு வயதாகிறது. 1970களில் பாம்புப் பண்ணையைத் தொடங்கிய ரோமுலஸ் விட்டேக்கரும் அவருடைய நண்பர்களும் இரவில் நடந்து, ஆமை இட்ட முட்டைகளைத் தேடி எடுத்துப் பாதுகாத்தார்கள். அந்தக் காலத்தில் முட்டைக்கு முதல் ஆபத்து, தோண்டி எடுத்துத் தின்பவர்களும் விற்பவர்களும். இடையில் சில ஆண்டுகள் வனத்துறை அந்தப் பொறுப்பை ஏற்றிருந்தது. 1988இல் மாணவர்கள் சேர்ந்து தங்களுக்கென்று ஓர் அமைப்பை உண்டாக்கினார்கள். அன்றிலிருந்து பருவம் தவறாமல், ஆண்டுக்கு ஆண்டு புதுப்புது மாணவர்கள், அதே கரையில் நடந்துகொண்டிருக்கிறார்கள். கூலி கிடையாது, சான்றிதழுக்கும் பெரிய மதிப்பில்லை. தூக்கம் கெட்டு மறுநாள் வகுப்பில் கண் சொருகும். இத்தனை ஆண்டுகளாக ஒரு வேலை இப்படி நிற்காமல் நடந்து வருகிறது என்பதே நம் ஊரில் எளிதில் காணக் கிடைக்காத ஒன்று. அந்த மரியாதையோடுதான் மற்றவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

ஒரு மணி நேரம் ஒன்றும் தென்படவில்லை. பிறகு அந்தப் பெண் நின்றாள். அலை விளிம்பிலிருந்து மேட்டுப் பக்கமாக, டிராக்டர் சக்கரம் ஏறிப்போனது போல ஒரு தடம். கொஞ்சம் தள்ளி அதே போல ஒரு தடம் கடலுக்கு இறங்கியிருந்தது. ஏறிய தடமும் இறங்கிய தடமும் இருந்தால் தாய் திரும்பிப் போய்விட்டது என்று பொருள். இரண்டுக்கும் இடையில் மணல் வாரி இறைத்தாற்போலக் கலைந்து கிடந்தது. ஒரு மெல்லிய கம்பை எடுத்து அங்கங்கே பொறுமையாகக் குத்திப் பார்த்தாள். மற்ற இடங்களில் மணல் கம்பை எதிர்த்தது. ஓரிடத்தில் மட்டும் சட்டென்று இளகி உள்ளே விட்டது. கம்பை உடனே எடுத்துவிட்டு, மண்டியிட்டு, கையால் தோண்ட ஆரம்பித்தாள். முழங்கைக்கு மேல் கை உள்ளே போனபோது முதல் முட்டை வந்தது. பிங்பாங் பந்து அளவு, அதே வெள்ளை. ஆனால் ஓடு கோழிமுட்டையைப் போல உடையக்கூடியதல்ல; விரல் பட்டால் தோல் போல அமுங்கும். மேலே வழவழப்பு இன்னும் காயவில்லை. அந்தக் குழந்தையைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னாள். ஒன்று, இரண்டு என்று கிசுகிசுப்பாக எண்ணிய அந்தக் குரல் நூறைத் தாண்டியபோது எங்களில் ஒருவரும் மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்கவில்லை. நூற்றுப் பதினான்கு. துணிப்பையில், குழிக்குள்ளிருந்தே எடுத்த ஈரமணலோடு, ஒன்றின் மேல் ஒன்று அடுக்கினார்கள். குழியின் ஆழத்தையும் வாயின் அகலத்தையும் அளந்து ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார்கள். கழுத்து குறுகி வயிறு அகன்ற பானையின் வடிவம் அந்தக் குழிக்கு. கண்ணால் பார்க்காமல், பின்துடுப்புகளை மட்டும் மாற்றி மாற்றி விட்டு, நாற்பது கிலோ எடையுள்ள ஒரு பிராணி அதைத் தோண்டியிருக்கிறது. இந்த முட்டைகளைப் புதைத்துக் காக்கும் பொரிப்பகத்தில் இதே அளவில் இன்னொரு பானையை மனிதக் கை தோண்ட வேண்டும். இட்ட சில மணி நேரத்துக்குள் மாற்றிவிட வேண்டும்; கரு ஓட்டோடு ஒட்டிக்கொண்ட பிறகு முட்டையைப் புரட்டினால் உயிர் போய்விடும்.

அந்தப் பையைச் சுமந்துகொண்டு நடக்க ஆளாளுக்கு ஆசை. எனக்கும் கொஞ்ச தூரம் கொடுத்தார்கள். நாலு கிலோ இருந்திருக்கலாம். நூற்றுப் பதினான்கு உயிர்கள் இடுப்போரத்தில் கனத்தன. வாழ்க்கையில் உருப்படியாக எதையோ செய்கிறோம் என்று நினைக்கவைக்கும் கனம் அது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் நடக்க நடக்க ஒரு கேள்வி கூடவே வந்தது. ஏன் இந்த முட்டைகளைச் சுமக்கிறோம்? அவை இருந்த இடத்தில் ஏன் இருக்க முடியவில்லை? நாய் தோண்டிவிடும், உண்மைதான். அந்த நாய்களைக் கரையில் பெருக்கியது நாம் கொட்டும் எச்சில் இலைகள். திருட்டு இப்போது அநேகமாக இல்லை. 1972 வனவிலங்குச் சட்டத்தில் கடலாமை உச்சப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது, மீனவக் குப்பங்களிலும் மனம் மாறிவிட்டது. மிஞ்சியிருக்கும் பெரிய காரணம் வெளிச்சம். மணலுக்கடியில் ஏழு வாரம் கிடந்து பொரிந்த குஞ்சு, இரவின் குளிர் தட்டியதும் கூட்டமாக மேலே வரும்; வந்ததும் எந்தத் திசை வெளிச்சமாக இருக்கிறதோ அந்தத் திசைக்கு ஓடும். விளக்கில்லாத கரையில் கடல்தான் வெளிச்சம். விண்மீனும் நிலவும் பட்டு மினுங்கும் அலை விளிம்பைப் பார்த்து ஓடினால் தப்பாது என்று கோடிக்கணக்கான ஆண்டுகள் பழகிய உடம்பு அது. சென்னையில் வெளிச்சம் மேற்கே இருக்கிறது. உயர்கோபுர விளக்கு, உணவகம், கடலைப் பார்த்துக் கட்டிய அடுக்குமாடியின் சுற்றுச்சுவர் விளக்கு. குஞ்சுகள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாலைக்கு வரும். விடிந்ததும் காக்கைக்கும் வெயிலுக்கும் கார்ச் சக்கரத்துக்கும் போய்ச் சேரும்.

எனவே இரவெல்லாம் நடந்து முட்டையை எடுத்து, வேலி போட்ட பொரிப்பகத்தில் புதைத்து, நாற்பத்தைந்து ஐம்பது நாள் காவல் காத்து, பொரிந்த குஞ்சுகளைக் கூடையில் கொண்டுபோய் அலைக்குப் பத்தடி முன்னால் விடுகிறோம். அங்கும் விளக்குகளின் இழுப்பு அவற்றை விடுவதில்லை. ஒருமுறை அதையும் பார்த்தேன். உள்ளங்கைக்குள் அடங்கும் கறுப்புக் குஞ்சுகள், ஈர மணலில் துடுப்பு அடித்துக்கொண்டு நாலடி கடலை நோக்கிப் போய், பிறகு தயங்கி, பெசன்ட் நகர் விளக்குகளின் பக்கம் திரும்பின. ஒரு மாணவன் முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி நின்று டார்ச்சை அடித்துக் காட்டினான். அந்தச் சின்ன வெளிச்சத்தைப் பார்த்து அவை மறுபடி திரும்பின. கூட்டம் கைதட்டியது. எனக்கு நெஞ்சு அடைத்தது. ஒரு நகரத்தின் விளக்குகளை எல்லாம் தோற்கடிக்க ஒரு பையன் கையில் ஒரு டார்ச்சோடு கடலுக்குள் நிற்கிறான். இரவு பத்து மணிக்குமேல் நாலு மாதம் அந்த விளக்குகளை அணைத்துவிட்டால் போதும். அவன் வீட்டில் தூங்கலாம். ஆண்டுதோறும் அந்த வேண்டுகோள் வைக்கப்படுகிறது. சில ஆண்டு சில விளக்குகள் அணைகின்றன. பாதுகாப்பு, வியாபாரம், அழகு என்று ஏதாவது காரணத்தால் மறுபடி எரிகின்றன.

இதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். செய்வதற்கு ஆள் கூப்பிட்டால் நாம் வருகிறோம். மரம் நட, குப்பை பொறுக்க, கரையைச் சுத்தம் செய்ய, முட்டை சுமக்க என்று எதற்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில் நூறு பேர் கூடிவிடுகிறார்கள், அவர்கள் உண்மையான அன்போடுதான் வருகிறார்கள். செய்யாமலிருக்கக் கூப்பிட்டால் வர ஆள் இல்லை. விளக்கைப் போடாமலிருப்பது, மணலைச் சமன் செய்யாமலிருப்பது, கரை ஓரத்தில் கட்டாமலிருப்பது, நடக் கூடாத இடத்தில் நடாமலிருப்பது என்று ஒரு வாழிடம் நம்மிடம் கேட்பது பெரும்பாலும் இந்தச் சும்மா இருத்தலைத்தான். சித்தர்களும் ஞானிகளும் சும்மா இருப்பதைப் பெரிய சாதனையாக வைத்தார்கள். அது ஆன்மாவின் காரியம் என்று விட்டுவிட்டோம். மணலுக்கும் நீருக்கும் அதே சாதனை தேவைப்படும் என்று நினைக்கவில்லை.

நல்லெண்ணத்தோடு செய்ததும் தவறிப்போகும் என்பதற்குத் தமிழகக் கடற்கரையிலேயே உதாரணம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, கடல் மறுபடி வந்தால் தடுக்கட்டும் என்று கரையோரம் பல இடங்களில் சவுக்கு நட்டார்கள். அந்தத் துயரத்தைக் கண்டவர்கள் யாரும் அந்த எண்ணத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அலை விளிம்பு வரை நெருங்கி நட்ட இடங்களில் ஆமைக்கு முட்டையிடத் திறந்த மணல் இல்லாமல் போயிற்று. சவுக்கின் வேரும் சருகும் மணலின் குணத்தையே மாற்றின. அந்தக் கரைக்கு இயற்கை வைத்திருந்த காவல் வேறு. அடும்பங்கொடி மணலைப் பின்னிப் பிடிக்கும். குழந்தைகள் முள்ளுருண்டையைக் காற்றில் ஓட்டி விளையாடும் இராவணன் மீசைப் புல், பறக்கும் மணலைத் தன் காலடியில் சேர்த்துச் சேர்த்து மேடாக்கும். அந்த மேடுதான் கடலுக்கு முதல் அணை, அது தெருவிளக்கைக் குஞ்சுகளின் கண்ணிலிருந்து மறைக்கும் திரையும்கூட. அதை நாம் புதர் என்றோம், மேடுபள்ளம் என்றோம். எந்திரம் விட்டு நிரவினோம். நிரவிய இடத்தில் நடைபாதை போட்டு, விளக்கு வைத்து, பெஞ்சு போட்டோம். இப்போது அதே மணல்மேட்டுச் செடிகளைத் திரும்ப வளர்க்க வேண்டும் என்று சில இடங்களில் தன்னார்வலர்கள் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். சரியான பேச்சு அது. அவற்றை வளர்ப்பதில் பாதி வேலை, அவை தாமாக வரும்போது பிடுங்காமலிருப்பது.

கரை என்பதே நிலையாக நிற்கிற பொருளல்ல என்பதையும் நாம் மறந்துவிடுகிறோம். வங்கக் கடலோரத்தில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே போய்க்கொண்டே இருக்கிறது. 1870களில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் நீட்டியபோது அந்த மணல் தடைபட்டது. சுவருக்குத் தெற்கே சேர்ந்தது. நாம் பெருமையாகச் சொல்லும் மெரினாவின் அகலம் அப்படி வந்தது. சுவருக்கு வடக்கே மணல் போய்ச் சேரவில்லை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் நோக்கிப் போகப் போகக் கடல் கரையைத் தின்றது, வீடுகளைத் தின்றது, கோயில்களைத் தின்றது. அதைத் தடுக்கக் கல் கொட்டினோம். கல் கொட்டிய இடத்தில் மீனவனுக்குப் படகு ஏற்ற மணல் இல்லை, ஆமைக்கு ஏற வழியில்லை. ஒரே சுவர் ஒரு பக்கத்தில் உலகப் புகழ் பெற்ற கடற்கரையையும் இன்னொரு பக்கத்தில் வீடிழந்த குப்பங்களையும் உண்டாக்கியது. மெரினாவில் காற்று வாங்கப் போகும் நம்மில் எத்தனை பேருக்கு அந்தக் காற்றின் விலையை வடசென்னை கொடுத்தது தெரியும்? அந்த மெரினாவிலும் ஆமைகள் ஏறுகின்றன. மனிதன் உண்டாக்கிய மணல், இயற்கை உண்டாக்கிய மணல் என்ற பேதம் அவற்றுக்கில்லை. இருளும் அமைதியும் கிடைத்தால் வந்துவிடுகின்றன.

திருவான்மியூரைத் தாண்டும்போது ஓர் இறந்த ஆமை கிடந்தது. கழுத்து ஊதியிருந்தது, கண்கள் பிதுங்கியிருந்தன. வெட்டுக்காயம் எதுவும் இல்லை. மாணவர்கள் டேப்பை எடுத்து ஓட்டின் நீளத்தையும் அகலத்தையும் அளந்தார்கள். பெண் ஆமை என்று எழுதினார்கள். நாளைக்கு வேறு குழு மறுபடி கணக்கில் சேர்த்துவிடாமலிருக்க அடையாளம் வைத்தார்கள். அந்தக் குழந்தை முதலில் அம்மாவின் பின்னால் ஒளிந்தாள், பிறகு வந்து டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள்.

2025 ஜனவரியில் சென்னையிலும் அதைச் சுற்றிய கரையிலும் ஒதுங்கிய உடல்கள் செய்தியாயின. அந்தப் பருவத்தில் அந்தக் கணக்கு ஆயிரத்தைத் தாண்டியது. ஆமை நீருக்குள் வாழ்கிறதே தவிர நம்மைப் போல நுரையீரலால் மூச்சு விடுகிறது. விசைப்படகின் இழுவை மடி மணிக்கணக்கில் கடலுக்கடியில் இழுபடும்போது அதில் மாட்டிய ஆமை மேலே வர முடியாமல் மூச்சடைத்துச் சாகிறது. விதிகள் இல்லாமல் இல்லை. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு வந்து மீன்பிடிக்கக் கூடாது. வலைக்குள் கம்பிச் சட்டம் வைத்து ஆமை மட்டும் வெளியேற வழிவிடும் கருவி இருக்கிறது. இறால் அதன் இடுக்கில் புகுந்து வலையின் அடிக்குப் போய்விடும், ஆமை சட்டத்தில் முட்டித் திறப்பு வழியே வெளியே வந்துவிடும். அதைப் பொருத்தவில்லை என்பதற்காக 2019 முதல் அமெரிக்கா இந்தியக் கடலில் பிடித்த இறாலை வாங்க மறுக்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் 61 நாள் மீன்பிடித் தடையும் உண்டு. ஆனால் அது ஏப்ரல் 15இல் தொடங்குகிறது. மீன்வளம் பெருகுவதற்காக வைத்த தடை அது, அந்த நோக்கத்துக்கு நல்லதுதான். பங்குனி ஆமை கரைக்கு வரும் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கடல் திறந்தே இருக்கிறது. கரையில் மாணவர்கள் முட்டையை எண்ணிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில், அந்த முட்டைகளை இட வந்த தாய்கள் கண்ணுக்கெட்டும் தூரத்தில் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கலாம்.

இதற்கு யாரைக் குற்றம் சொல்வது என்று எனக்கு முன்பெல்லாம் தெளிவாகத் தெரிந்தது. இப்போது அவ்வளவு தெளிவில்லை. விடியும் நேரத்தில் குப்பத்துப் பக்கம் வலை உதறிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். பைபர் படகுக்காரர். எங்களைப் பார்த்துப் பழகியவர்.

“இந்த வருசம் எத்தினி கூடு கெடச்சிது?” என்று அந்தப் பெண்ணிடம்தான் முதலில் கேட்டார்.

“இன்னிக்கு ரெண்டு, தாத்தா.”

“சின்ன வயசுல நாங்க முட்டை துன்னோம். இப்ப யாரும் தொடறதில்ல. கண்ல பட்டா உங்களுக்குத்தான் போன் பண்றோம்.” பிறகு என்னைப் பார்த்தார். “வலையில ஆமை மாட்னா வலையை அறுத்துவுட்டு அனுப்பிருக்கேன் சார். வலைக்காசு யாரு குடுப்பாங்க? பெரிய போட்டுல மடியை எப்ப தூக்கறாங்க, எங்க இழுக்கறாங்க, அதுல இருக்கறவங்களுக்கே தெரியாது. டீசல் கடன், ஐஸ் கடன். பாடு இல்லாம கரைக்கு வந்தா மொதலாளி சும்மா வுடுவாரா?”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கடல்மேல் போகிறவர்களில் பாதிப் பேர் கூலிக்குப் போகிறவர்கள் என்பதும், படகுச் சொந்தக்காரர் கடனில் இருக்கிறார் என்பதும், கடன் கொடுத்தவர் வியாபாரியை நம்பியிருக்கிறார் என்பதும், வியாபாரி இறாலுக்கு விலை கொடுக்கும் நம்மைப் போன்றவர்களை நம்பியிருக்கிறார் என்பதும் அவர் பேச்சிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு வந்தால் புரிகிற சங்கிலி. அன்றைக்கு நடந்த இருபது பேரில் நானும் இன்னும் சிலரும் முந்தைய ஞாயிற்றுக்கிழமை இறால் சாப்பிட்டவர்கள்தான். அது எங்கே, எப்படி, எத்தனை மணி நேரம் இழுத்த மடியில் வந்தது என்று எங்களில் ஒருவரும் மீன்கடையில் கேட்டதில்லை. கேட்டால் கடைக்காரருக்கும் தெரியாது. தெரியாமலிருக்கிற மாதிரிதான் எல்லாம் அமைந்திருக்கிறது. முட்டைப்பையின் கனம் நம் கைக்குத் தெரிகிறது. தட்டில் இருக்கும் இறாலின் கனம் தெரிவதில்லை.

இதையெல்லாம் சொல்லும்போது கொள்ளுகுடிப்பட்டி ஞாபகம் வருகிறது. சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூர் பக்கத்துக் கிராமம். அங்குள்ள கண்மாய்களும் வேட்டங்குடிப்பட்டிக் கண்மாயும் சேர்ந்ததை 1977இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். நாரைகளும் கொக்குகளும் மழைக்காலத்தில் வந்து கண்மாய் மரங்களில் கூடு கட்டும். குஞ்சு பொரிக்கும் காலத்தில்தான் தீபாவளியும் வரும். பல பத்தாண்டுகளாக அந்த ஊரில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வனத்துறையினர் போய் ஊர்க்காரர்களுக்கு இனிப்பு கொடுத்துவிட்டு வருவார்கள். அவ்வளவுதான் நிகழ்ச்சி. அங்கே யாரும் எதையும் சுமப்பதில்லை. ஒரு பொட்டலம் மத்தாப்பூவுக்கு ஆசைப்படும் குழந்தைகளும் அந்த ஊரில் இருப்பார்கள்தானே. ஒவ்வோர் ஆண்டும் யாரோ ஒரு தாய் அந்தக் குழந்தையிடம் ‘நாரை குஞ்சு பொரிச்சிருக்கு, பயந்துடும்’ என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒரு வாக்கியம் தலைமுறை தலைமுறையாக அலுக்காமல் சொல்லப்பட்டதால் அங்கே பறவைகள் இருக்கின்றன. தன்னார்வத் தொண்டு என்று நாம் அதை எழுதுவதில்லை, ஏனென்றால் படம் பிடித்துக் காட்ட அங்கே ஒன்றும் நடப்பதில்லை. அந்தக் கண்மாய் நீரும் அதில் கலந்த எச்சமும் தங்கள் வயலுக்குத்தான் போகிறது என்பதை அவர்கள் அறிவார்கள். பறவையோடு ஒரே ஊரில் இருக்கிறோம் என்ற நினைப்பு அவர்களுக்கு இருக்கிறது. சென்னையில் நமக்கு ஆமையோடு ஒரே ஊரில் இருக்கிறோம் என்ற நினைப்பு வரவில்லை. அதைப் பார்க்கப் போகிறோம், காப்பாற்றப் போகிறோம், பிறகு நம் ஊருக்குத் திரும்பி வந்துவிடுகிறோம். இரண்டும் ஒரே ஊர் என்பது அந்தத் தெருவிளக்குக்கு அடியில் நசுங்கிக் கிடக்கும் குஞ்சைக் கண்டால் மட்டும் உறைக்கிறது.

இப்படிச் சொல்வதால் அந்த மாணவர்களின் வேலை வீண் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆயிரத்தில் ஒரு குஞ்சுதான் பிழைத்து வளரும் என்று பொதுவாகச் சொல்வார்கள். பிழைத்த பெண் ஆமை முட்டையிடும் பருவத்துக்கு வரப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகும். அப்படியென்றால் இன்று கரையேறுவதில் சில, முன்பொரு இரவில் இதே போல யாரோ ஒரு மாணவன் பையில் சுமந்த முட்டையாக இருந்திருக்கலாம். அந்த மாணவனுக்கு இப்போது தலை நரைக்கத் தொடங்கியிருக்கும். அவர்களுடைய நோட்டுகளில் எத்தனை கூடுகள், எத்தனை முட்டைகள், எங்கே எந்தத் தேதியில், எத்தனை பிணங்கள் என்று பல பத்தாண்டுக் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு இல்லாவிட்டால் ஒரு பருவத்தில் பிணங்கள் கூடினவா குறைந்தனவா என்று எந்த நீதிமன்றத்திலும் யாரும் பேச முடியாது. நடக்காத கரையில் சாவுக்குச் சாட்சி இல்லை.

ஆனாலும் பொரிப்பகத்தில் நின்று பார்க்கும்போது கவலை வருகிறது. ஆமைக்குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பம் முடிவு செய்கிறது. சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண். இயற்கைக் கரையில் ஒரு கூடு மேட்டில் இருக்கும், ஒன்று செடி நிழலில், ஒன்று ஈரத்துக்குப் பக்கத்தில். அந்தப் பரவலில் இரண்டும் பிறக்கும். ஒரே வேலிக்குள் வரிசையாகப் புதைத்தால் அந்தப் பரவல் இல்லை. மாணவர்களுக்கு இது தெரியும். ஓலைப் பந்தல் போட்டு நிழல் கொடுத்து, மணலின் வெப்பத்தை அளந்து, தங்களால் முடிந்ததைச் செய்கிறார்கள். ஒரு கரை எந்தப் பாடும் படாமல் செய்த காரியத்தை இருபது இளைஞர்கள் கண்விழித்துச் செய்தும் முழுதாகச் செய்ய முடியவில்லை. இழந்த வாழிடத்தைக் கையால் ஈடுகட்டுவது எவ்வளவு கடினம் என்று அந்தப் பந்தலின் கீழ் நின்றால் தெரிகிறது.

அந்த இரவு நீலாங்கரையிலிருந்து புறப்பட்ட கொஞ்ச நேரத்தில் ஒரு பங்களாவைக் கடந்தோம். கடலை ஒட்டிய சுவர். சுவரின் மேல் வரிசையாக விளக்குக் கம்பங்கள். அண்டை வீடுகளில் எல்லாம் வெள்ளை வெளேரென்று எரிந்தது, அந்தச் சுவர் மட்டும் இருட்டாக இருந்தது. நடத்திப் போன பெண் சுவரோரம் உட்கார்ந்திருந்த காவலாளியிடம் “நன்றிங்கண்ணா” என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போனாள். நான் பின்தங்கி அவரிடம் விசாரித்தேன். ராமநாதபுரம் பக்கத்துக்காரர். இங்கே வந்து மூன்று வருடம் ஆகிறதாம். முதல் வருடம் காலையில் கதவைத் திறந்தபோது வாசல் கல்மேல் இருபது முப்பது குஞ்சுகள் காய்ந்து கிடந்தனவாம். “எறும்பு மொய்ச்சிருந்துச்சு சார். அன்னையிலேருந்து தை பொறந்தா பத்து மணிக்கு மேல சுவிட்சைப் போடறதில்ல.” யாரும் சொல்லவில்லை, தானாகத்தான் செய்தேன் என்றார். முதலாளிக்குத் தெரியுமா என்று கேட்டேன். அவர் மாதத்தில் ஒரு வாரக் கடைசிதான் வருவார், வந்தால் விருந்தாளிகள் வருவார்கள், அன்றைக்கு எல்லா விளக்கும் எரிய வேண்டும் என்றார். “அன்னிக்கு மட்டும் நான் ஒண்ணும் பண்ண முடியாது சார். காலைல சீக்கிரம் எந்திரிச்சு வாசலைப் பாப்பேன். உசுரோட இருக்கறதை ஒரு வாளியில எடுத்துட்டுப் போயி கடல்ல வுட்டுட்டு வருவேன்.”